ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது?

வகுப்பில் ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்கிறார் ஆசிரியர். முதல் வரிசையில் தொடங்குகிறது. நான்காவது வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை உடனே தலைகளை எண்ணும். தனக்கு முன்னால் 11 பேர். அப்படியென்றால் பன்னிரண்டாவது பத்தி தன்னுடையது. விரலை ஒவ்வொரு பத்தியாக இறக்கி அந்த இடத்தைப் பிடிக்கும். பிறகு அதை மட்டும் வாய்க்குள் ஐந்தாறு முறை ஓட்டிப் பார்க்கும். மற்றவர்கள் வாசித்த எதுவும் காதில் ஏறாது. முறை வந்ததும் கொஞ்சம் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றிவிடும். என்றைக்காவது ஆசிரியர் வரிசையை மாற்றி "நீ எழுந்திரு" என்று சொன்னால்தான் வயிற்றைக் கலக்கும்.

கற்றல் குறைபாடு இருப்பது தெரியாமலேயே பள்ளியைத் தாண்டுகிறவர்கள் இப்படித்தான் தாண்டுகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் ஒன்றும் தெரியாது. 58, 62, 65 என்று ஓடிக்கொண்டிருக்கும். "சுமாரான பிள்ளை, இன்னும் கொஞ்சம் உழைத்தால் வந்துவிடும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த 62-ஐ வாங்க எத்தனை மணி நேரம் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துப் பிள்ளை 40 நிமிடத்தில் முடித்த பாடத்துக்கு இந்தப் பிள்ளை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும். நான் முதலில் கேட்கச் சொல்வது இந்த நேரக் கணக்கைத்தான்.

இந்தக் குறைபாடு புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை, சோம்பலுக்குக் கொடுத்த நாகரிகப் பெயரும் இல்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கணக்கு வரும், விளையாட்டில் கெட்டி. பல வருடம் சொல்லிக்கொடுத்தும் வாசிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அந்த மருத்துவர் குறித்துவைத்தார். கற்றல் குறைபாடு என்ற பொதுப்பெயரை 1963-இல் அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் கிர்க் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பரப்பினார். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேடு, பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் இந்தக் குறைபாடு இருப்பதாகச் சொல்கிறது. 40 பேர் இருக்கும் வகுப்பில் 2 முதல் 6 பேர். எந்த ஆசிரியராவது தன் வகுப்பில் அப்படி ஒருவரும் இல்லை என்று சொன்னால், இன்னும் கண்ணில் படவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடப்பது என்னவென்றால், பேச்சு தானாக வருவதுபோல வாசிப்பு வருவதில்லை. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு ஒலியையும் ஒரு வடிவத்தோடு கட்டுவது, பிறகு அந்தக் கட்டு யோசிக்காமலே அவிழும் அளவுக்குப் பழகுவது என்று மூன்று வேலை இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருடத்தில் இது தன்னியல்பாகிவிடும். டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பில் வரும் குறைபாடு, உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் கையால் அவிழ்க்க வேண்டியிருக்கும். அறிவு முழுவதும் எழுத்தைப் பிரிப்பதில் செலவாகிவிட்டால் பொருளைப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. டிஸ்கிராஃபியாவில் இதே சிக்கல் கையெழுத்திலும் எழுதுவதிலும் வரும். டிஸ்கால்குலியாவில் எண்ணில் வரும். இவை தனித்தனியாகவும் வரும், சேர்ந்தும் வரும். கவனக்குறைபாடும் பல சமயம் கூடவே இருக்கும். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் அதிகம். பிள்ளையைச் சோதிக்கும்போது "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று தகப்பனோ தாயோ சொல்வது அடிக்கடி நடக்கிறது.

தமிழுக்குள் எப்படி ஒளிந்துகொள்கிறது

ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதனால் அங்கே இந்தக் குறைபாடு தப்பும் தவறுமாகப் படிப்பதில் வெளிப்படும். ஜெர்மன், ஃபின்னிஷ், இத்தாலியம் மாதிரி எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளில் பிழை குறைவாக இருக்கும், வேகம்தான் அடிவாங்கும். தமிழும் பெருமளவு அந்தப் பக்கம் நிற்கிற மொழிதான். க, ட, ப எல்லாம் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறினாலும் அந்த மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆகவே எழுத்துக்கூட்டிப் படித்தால் சரியாகவே முடியும், நேரம்தான் ஆகும். வீட்டில் என்ன சொல்வார்கள்? "தமிழ் நல்லாத்தான் படிக்கிறான், இங்கிலீஷ்தான் வரல." உடனே ஆங்கில டியூஷன். இரண்டு மொழியிலும் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தால் ஒரே சிக்கல் இரண்டு முகத்தோடு வருவது தெரிந்திருக்கும்.

தமிழ் எழுத்துக்கு என்று சில இடறல்கள் இருக்கின்றன. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். காதுக்கு முதலில் வருவது க். கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. அந்தக் காலும் 'ர'வும் வேறு கிட்டத்தட்ட ஒரே உருவம். 'கொடை' என்பதைக் 'கெரடை' என்று படித்துவிட்டு அப்படி ஒரு சொல் இல்லையே என்று திகைத்து நிற்கும் பிள்ளை கவனக்குறைவால் அப்படிப் படிக்கவில்லை. 'கௌ'வும் 'கெள'வும் இதே கதை. 247 எழுத்தையும் பலகையில் ஒப்பிக்கிற பிள்ளைகூட, சொல்லுக்குள் அவை ஒட்டி வரும்போது இங்கேதான் தேங்கும்.

அடுத்தது சொல்லின் வால். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது 18 எழுத்துள்ள ஒரே சொல். வேகம் இல்லாத பிள்ளை முதல் நான்கைந்து எழுத்தைப் படித்துவிட்டு மீதியை ஊகிக்கும். கதைப் புத்தகத்தில் அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். வினாத்தாளில் பலிக்காது, ஏனென்றால் தமிழில் காலமும் இடமும் எதிர்மறையும் வாலில்தான் இருக்கின்றன. "பொருந்தாததைத் தேர்ந்தெடுக்க" என்ற வினாவில் 'பொருந்' வரைக்கும் படித்துவிட்டு, பொருந்துவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வரும். பாடம் தெரியும், விடையும் தெரியும், மதிப்பெண் பூஜ்யம். திருத்துகிறவர் "கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை" என்று எழுதுவார். அவர் எழுதியது உண்மைதான். ஏன் படிக்க முடியவில்லை என்பதைத்தான் யாரும் தொடர்ந்து போய்ப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, வினைச்சொல் கடைசியில் வருவது. "மழைநீர் நிலத்துக்குள் இறங்கும் வழியில் இருக்கும் பாறை அடுக்குகளின் தன்மையைப் பொறுத்து நிலத்தடி நீரின் அளவு மாறுபடும்" என்பது 13 சொல். நிமிடத்துக்கு 120 சொல் படிக்கிறவர் ஆறேழு வினாடியில் முடித்துவிடுவார். 30 சொல் படிக்கிற பிள்ளைக்கு 26 வினாடி. திரும்பச் சொல்லிப் பார்க்காத எதுவும் குறுகிய கால நினைவில் அரை நிமிடம் முழுதாக நிற்பதில்லை. 'மாறுபடும்' என்ற இடத்துக்கு வந்து சேரும்போது மழைநீர் போய்விட்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து.

இதற்கு ஒரு நல்ல வழி, வாக்கியத்தைப் பின்னாலிருந்து பிடிப்பது. விரலைக் கடைசிச் சொல்லில் வையுங்கள்: மாறுபடும். எது மாறுபடும்? இடதுபக்கம் நகருங்கள்: நிலத்தடி நீரின் அளவு. எதைப் பொறுத்து? பாறை அடுக்குகளின் தன்மையை. எந்தப் பாறை? மழைநீர் இறங்கும் வழியில் இருப்பது. மூன்று கேள்வியில் வாக்கியம் கைக்குள் வந்துவிடும். நீளமான வாக்கியங்களுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். இரண்டு மூன்று வாரம் பெரியவர் கூட உட்கார்ந்து கேள்வி கேட்டால், பிறகு பிள்ளையே கேட்டுக்கொள்ளும்.

ஒப்பேற்றும் வழிகளும் அவை உடையும் வயதும்

தலை எண்ணுவது ஒன்று. இன்னும் பல இருக்கின்றன. வாசிக்கும் நேரம் பார்த்து ஒன்றுக்குப் போவது. எழுத்துப்பிழை தெரியாமல் இருக்கக் கையெழுத்தை வேண்டுமென்றே கிறுக்குவது: ல-வா ள-வா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு சுழி. தெரிந்த சின்னச் சொற்களை மட்டும் வைத்து விடை எழுதுவது. 'விழிப்புணர்வு' என்று எழுதத் தயங்கி 'தெரிய வைக்கணும்' என்று முடிப்பது. அம்மா வாசித்துக்காட்ட, காதால் கேட்டுப் பாடத்தை முழுசாக மனப்பாடம் செய்வது. வகுப்பில் கோமாளியாகிவிடுவது, அல்லது அடியோடு வாயை மூடிக்கொள்வது.

வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகள்தான் அதிகம் தப்பிப்போகிறார்கள். ஷேவிட்ஸ் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகக் காட்டியது: பள்ளிகள் அடையாளம் காட்டிய பட்டியலில் பையன்கள் மிக அதிகம், ஆய்வாளர்களே எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தபோது பையனுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொந்தரவு கொடுக்கிற பிள்ளை அனுப்பப்படுகிறது, அமைதியாகத் திணறும் பெண்பிள்ளை "பாவம், அமைதியான பொண்ணு" என்று அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறாள்.

ஒவ்வொரு உத்திக்கும் ஓர் ஆயுள் உண்டு. 8, 9 வயதில் படிக்கக் கற்பது முடிந்து, கற்பதற்காகப் படிப்பது தொடங்குகிறது. படத்தைப் பார்த்துக் கதையை ஊகிக்கிற உத்தி அங்கே போகிறது. 11, 12 வயதில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார், பக்கங்கள் பெருகுகின்றன. அம்மா எல்லாவற்றையும் வாசித்துக்காட்ட நேரம் போதாது. 15, 16 வயதில் மனப்பாடம் செய்த விடைக்கு நேரடியாகப் பொருந்தாத வினா வருகிறது. இதையும் தாண்டிவிட்ட கெட்டிக்காரர்களுக்குக் கல்லூரி முதல் வருடம் காத்திருக்கிறது: வாரத்துக்கு இருநூறு பக்கம், யாரும் வாசித்துக்காட்டப் போவதில்லை. "பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, திடீரென்று என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. முட்டுக்கொடுத்திருந்த கட்டை இப்போது விலகியிருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதைத் தாண்டிவிட்டு வேறு எதையும் தொடங்க வேண்டாம்.

பிறகு, பிள்ளை இதுவரை பார்த்திராத 100 சொல் பத்தி ஒன்றை எடுங்கள். ஒரு வகுப்பு கீழே இருக்கட்டும். இரண்டு பிரதி. ஒன்று பிள்ளையிடம், ஒன்று உங்களிடம். கடிகாரத்தைப் பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் வையுங்கள். வாசிக்கும்போது திருத்தாதீர்கள். ஒரு சொல்லில் 3 வினாடிக்கு மேல் நின்றால் அந்தச் சொல்லை நீங்களே சொல்லிவிட்டுப் பிழையாகக் குறித்துக்கொள்ளுங்கள். விட்டது, மாற்றிப் படித்தது, வாலை ஊகித்தது, வரி தாண்டியது என்று பிரித்துக் குறியுங்கள். தானே திருத்திக்கொண்டால் அது பிழை இல்லை. 150 வினாடி, 8 பிழை என்றால் 92 சொல்லை 150-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 37 சரியான சொல். மூன்று நாள், மூன்று பத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பத்திகளை அதே வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடமும் வாசிக்கக் கொடுத்தால்தான் அந்த 37 குறைவா இல்லையா என்று தெரியும்.

அடுத்து, பொருளே இல்லாத சொற்கள் 20: தொவளி, மிணுசை, லெபடு, கூழனி, பேரிசுமை மாதிரி. இதுதான் கெட்டிக்காரப் பிள்ளையின் குட்டை உடைப்பது. தெரிந்த சொற்களைப் படமாக நினைவில் வைத்துத் தப்பித்துவந்த பிள்ளை இங்கே எழுத்தைப் பிரித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, ஒரே தரத்தில் இரண்டு பத்தி. ஒன்றை நீங்கள் வாசித்துக்காட்டி 5 கேள்வி கேளுங்கள். மற்றதைப் பிள்ளையே மௌனமாக வாசிக்கட்டும், 5 கேள்வி. கேட்டதில் 5 சரி, படித்ததில் 2 சரி என்றால் புரியும் சக்தி நன்றாக இருக்கிறது, வாசலில்தான் அடைப்பு. இரண்டிலும் 2 என்றால் மொழியைப் புரிந்துகொள்வதிலேயே சிக்கல் இருக்கலாம். அதற்கு உதவி வேறு மாதிரி. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் வைத்த எளிய கணக்கு இது: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைப் பிரிக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கி வருவது. ஏதோ ஒன்று பூஜ்யத்தை நெருங்கினால் விடையும் பூஜ்யத்தை நெருங்கும்.

கடைசியாக, ஒரு தலைப்பு கொடுத்து 2 நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதே தலைப்பில் 10 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பேச்சில் பதினைந்து கருத்து, தாளில் மூன்று வரி என்றால் கையில் ஏதோ தடை இருக்கிறது. பார்த்து எழுதும் வேகத்தையும் கூடவே பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் தலை நிமிர்ந்து பலகையைப் பார்க்கிற பிள்ளை சொல்லைப் பிடித்துவைக்க முடியாமல் எழுத்தெழுத்தாகச் சுமந்துகொண்டு வருகிறது.

இதெல்லாம் சோதனை முடிவு அல்ல. தேதி போட்டு ஒரு நோட்டில் வைத்திருங்கள், நிபுணரிடம் போகும்போது பேச இது போதும்.

தினமும் என்ன செய்வது

15 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இது ஒரு மணி நேரமாக நீண்டு, கடைசி 20 நிமிடம் கத்தலில் முடிகிறது. மறுநாள் புத்தகத்தைப் பார்த்ததும் பிள்ளைக்கு வாசிப்புக்கு முன்னால் அந்தக் கத்தல்தான் ஞாபகம் வரும்.

50 சொல் பத்தியை ஒரே அமர்வில் நான்கு முறை வாசிப்பது பயன் தருகிற பயிற்சி. முதல் முறை நீங்கள் வாசிக்க, பிள்ளை விரலை வைத்துப் பின்தொடரட்டும். இரண்டாவது சேர்ந்து. மூன்றும் நான்கும் தனியாக, நேரம் பார்த்து. முதல் தனி வாசிப்பு 95 வினாடி, கடைசி 70 என்றால் அந்த இரண்டு எண்ணையும் கட்டம் போட்ட தாளில் குறித்துக் காட்டுங்கள். பிள்ளை தன்னோடு மட்டும் போட்டி போடட்டும். இதில் வரும் தவறு, பத்தி மனப்பாடமாகிவிடுவது. சந்தேகம் வந்தால் கடைசி வாக்கியத்திலிருந்து மேலே வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அங்கே கலைந்துவிடும்.

எழுத்துப்பிழைக்கு 'பத்து முறை எழுது' என்பது வீண் வேலை. தப்பாகவே பத்து முறை எழுதி அதைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். ந, ன இரண்டுக்கும் இன்றைய பேச்சில் ஒலி வித்தியாசம் காதுக்குத் தெரிவதில்லை, ஆகவே காதை நம்பச் சொல்லிப் பயன் இல்லை, விதியைக் கொடுங்கள். ண்ட, ன்ற, ந்த. இந்த மூன்று ஜோடி மாறவே மாறாது: வண்டி, கன்று, பந்து. சொல்லின் முதலில் வருவது ந தான், ன அல்ல. இவ்வளவிலேயே பாதிப் பிழை போய்விடும். ல, ள, ழ மூன்றுக்கும் நாக்கைக் காட்டுங்கள்: ல-வுக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும், ள-வுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு வளையும், ஆனால் தொடாது. மூன்றையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால் மூன்றும் கலந்துவிடும். ஒரு வாரம் ழ மட்டும், அதுவும் குடும்பமாக: வாழ், வாழ்வு, வாழ்க்கை, வாழ்த்து. பல்லி, பள்ளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டி "வித்தியாசம் பார்" என்பது ஏற்கெனவே குழம்பியவரைக் கூடுதலாகக் குழப்பும்.

பாடம் படிப்பதில், திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாத வழி. அவர்களுக்கு மிகவும் விலை கூடியது வாசிப்பு. அதையே மூன்று தடவை செலவழிக்கச் சொல்கிறோம். ஒரு முறை குரலில் கேட்கட்டும். கைபேசியிலேயே தமிழ்ப் பக்கத்தை உரக்க வாசிக்கும் வசதி இருக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பக்கத்தில் விரல் வைத்துக் கேட்கலாம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லி அதையே பதிவு செய்துகொள்ளட்டும். விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் தேடட்டும். அன்றே ஒரு முறை, இரண்டு நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. குரலில் கேட்பது ஏமாற்று வேலை என்று நினைக்கிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரலாறு படிக்கும் நேரத்தில் வரலாறு உள்ளே போக வேண்டும். வாசிப்புப் பயிற்சிக்குத்தான் தனியாக 20 நிமிடம் இருக்கிறதே.

எழுதத் திணறுகிறவர் முதலில் பேசிப் பதிவு செய்துவிட்டு, அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதலாம். யோசிப்பதையும் எழுத்து உருவாக்குவதையும் ஒரே சமயத்தில் செய்ய வைப்பதால்தான் மூன்று வரியில் நின்றுவிடுகிறது. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், திருத்த இடம் கிடைக்கும்.

கணக்கில், வாய்ப்பாடு ஏறவில்லை என்றால் முழு வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2, 5, 10 மட்டும் உறுதியாக இருக்கட்டும். 7 × 8 வேண்டுமென்றால் ஐந்தெட்டு 40, ஈரெட்டு 16, மொத்தம் 56. இலக்கம் இடம் மாறுகிறவருக்குக் கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஓர் இலக்கம். வினாவிலிருந்து எண்ணை எடுக்கும்போது உதட்டை அசைத்து "மூன்று, நான்கு, ஏழு" என்று இலக்கமாகவே சொல்லி எடுக்கப் பழக்குங்கள். தமிழ் எண்பெயரிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது: தொண்ணூறு என்பதற்குள் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரம் என்பதற்குள் ஆயிரம் ஒலிக்கிறது. சொல்வதைக் கேட்டு எண்ணாக எழுதும்போது 90-இலும் 900-இலும் மட்டும் சறுக்குகிற பிள்ளையைத் திட்டாதீர்கள்.

தேர்வறை

3 மணி நேரம், 100 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். 180 நிமிடத்தில் முதல் 15 நிமிடம் வினாத்தாளை வாசிக்க, கடைசி 15 சரிபார்க்க. மீதி 150, ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 5 மதிப்பெண் வினாவுக்கு ஏழரை, 10 மதிப்பெண்ணுக்கு 15. ஒவ்வொரு பகுதியும் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று வினாத்தாளின் ஓரத்திலேயே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பிள்ளைகள் பலருக்கு நேரம் நகர்வது உள்ளே தெரியாது.

முதல் 15 நிமிடத்தில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வினாவின் கடைசிச் சொல்லுக்கும் அடிக்கோடு. விளக்குக, ஒப்பிடுக, வரையறு. 'அல்லாத', 'இல்லாத', 'தாததை' என்று முடிவது எதுவாக இருந்தாலும் வட்டம். நிச்சயமாகத் தெரிந்த வினாக்களை முதலில் எழுதட்டும். கணக்குத் தேர்வில் மணி அடித்ததும் மறக்கக்கூடிய சூத்திரங்களை ஓரத்தில் கொட்டிவிட வேண்டும். கடைசி 15 நிமிடத்தில் முழுவதையும் வாசிக்க முயன்றால் இரண்டு பக்கத்தில் நேரம் முடிந்துவிடும். வினா எண் சரியா, விட்ட வினா உண்டா, எடுத்த எண் சரியா, இந்த மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

அதிகாரபூர்வச் சான்று இல்லாமலே ஆசிரியர் கொடுக்கக்கூடிய சலுகைகள் சில இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் உரக்க வாசிக்க எழுப்பாமல் இருப்பது. பலகையில் எழுதியதைப் படம் எடுத்துக்கொள்ள விடுவது. வகுப்புத் தேர்வில் வினாவை ஒரு முறை வாசித்துக்காட்டுவது. அறிவியலிலும் வரலாற்றிலும் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பது. "இவனுக்கு மட்டும் ஏன்?" என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள் என்ற தயக்கம் இருந்தால், வினாவை எல்லோருக்கும் வாசித்துக்காட்டலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை.

பணத்தை எங்கே விடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறக் கண்ணாடி, கண் பயிற்சி இரண்டும் டிஸ்லெக்ஸியாவைச் சரிசெய்வதாக ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்பும் 2009-இல் கூட்டாகவே அறிவித்துவிட்டன. ஞாபகசக்தி மருந்தும் அப்படித்தான். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்துக்கும் வரிக்கும் இடைவெளி கூட்டி அச்செடுத்துக் கொடுங்கள்; அது செலவில்லாதது, பலருக்கு உதவுகிறது.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்று பெற்றோர் தயங்குகிறார்கள். "இன்னும் முயற்சி செய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஏற்கெனவே மற்றவர்களைப்போல மூன்று மடங்கு முயன்றுவிட்டு உங்கள் முன்னால் நிற்கிறது. "உனக்குப் புரியாமல் இல்லை. எழுத்து வழியாக உள்ளே போக உனக்கு நேரம் ஆகுது. வேற வழியும் இருக்கு, சேர்ந்து பார்ப்போம்" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். பெயர் தெரிந்தால் பிள்ளை உடைந்துபோகும் என்று மறைக்கிறவர்கள் உண்டு. பெயர் தெரியாத பிள்ளை தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டுவிடும்: மக்கு.

முறையான மதிப்பீட்டுக்குப் போகும்போது

இந்த மதிப்பீடு பொதுவாக சில மணி நேரம் ஆகும், இரண்டு மூன்று அமர்வாகப் பிரிப்பார்கள். வளர்ந்த கதை, கண், காது, பொது அறிவுத்திறன், வாசிப்பு, எழுத்து, கணக்கு, ஒலியைப் பிரிக்கும் திறன், படங்களையோ எழுத்துகளையோ வேகமாகப் பெயர் சொல்லும் திறன் என்று பார்ப்பார்கள். 2013 கையேட்டின்படி, குறிவைத்து உதவி கொடுத்தும் குறைந்தது 6 மாதமாகச் சிக்கல் நீடிக்க வேண்டும். அறிவுத்திறன் எண்ணுக்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அந்தக் கையேடு வைக்கவில்லை. உதவி கொடுத்த தேதிகளோடு நீங்கள் வைத்திருக்கும் நோட்டு இங்கேதான் கைகொடுக்கும்.

பள்ளியைத் தாண்டிவிட்ட பெரியவர்களுக்கு அந்தக் கையேட்டில் ஒரு முக்கியமான வரி இருக்கிறது: 17 வயதுக்கு மேற்பட்டவருக்கு, சிறுவயதிலிருந்து கற்றலில் சிக்கல் இருந்ததைக் காட்டும் ஆவணங்களைத் தரப்படுத்திய சோதனைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். சிவப்பு மையோடு இருக்கும் தமிழ் நோட்டு, ஆங்கிலச் சொல்வதெழுதுதல் தாள், "கவனம் தேவை" என்று ஒவ்வொரு வருடமும் எழுதப்பட்ட மதிப்பெண் அட்டை, எல்லாம் சான்றுதான். வகுப்புக்கு இரண்டு போதும். வருடவாரியாக அடுக்கி ஓர் உறையில் போடுங்கள். படித்த காலத்தில் வீட்டில் இருந்த ஒருவரை, உங்களுக்குப் பாடம் வாசித்துக்காட்டியவர் என்றால் இன்னும் நல்லது, கூட அழைத்துப் போங்கள்.

நிரப்ப வேண்டிய படிவத்தை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்து அவசரத்தில் நிரப்பினால் பாதி விட்டுப்போகும். வாசிப்பைப் பயிற்சி செய்துகொண்டு போக வேண்டாம், நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். உள்ளே உட்கார்ந்ததும், இத்தனை வருடம் உங்களைக் காப்பாற்றிய பழக்கம் அங்கேயும் தலைதூக்கும். வாலை ஊகிப்பீர்கள், தெரியாத சொல்லை இருமி விழுங்குவீர்கள், எளிய சொல்லை மட்டும் பொறுக்கி எழுதுவீர்கள், சோதிக்கிறவர் முகத்தைப் பார்த்து விடையைத் திருத்துவீர்கள். அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்: "இது படித்துச் சொன்னதில்லை, ஊகித்தது." அவர் அதைக் குறித்துக்கொள்வார்.